மாமாவின் 22 மணி நேர பாக்கி: வாடைக் காலத்தில் விட்டுப்போன தியானம் திரும்பி வந்த விதம்

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. பாம்பனில் என் தாய்மாமா ஒரு நோட்டைத் திறந்துவைத்துக் கணக்குப் போட்டார். நவம்பர் 20 முதல் 30 வரை 11 நாள் தியானத்துக்கு உட்காரவில்லை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், ஆக 22 மணி நேரம் பாக்கி. இனிமேல் தினமும் அரை மணி கூடுதலாக உட்கார்ந்தால் 44 நாளில், சரியாகப் போகியன்று பாக்கி தீரும், பொங்கலுக்குப் புதுக்கணக்கு. சிவப்புப் பேனாவில் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்து மூடிவைத்தார். நான்காம் நாளே அந்தக் கணக்கு தவறியது.

இதை நிகழ்வு ஆய்வாக எழுதுவதற்கு முதல் காரணம், நடுவில் நான் கொடுத்த யோசனை தப்பு. மண்டபம் ஊரில் நாங்கள் நாலு பேர் ஞாயிறு மாலைகளில் சேர்ந்து தியானத்துக்கு உட்காருவோம், மாமா ஐந்தாவது ஆள், வந்தால் வருவார். எங்களில் யாரும் குரு கிடையாது, ஆனால் புத்தரின் உரைகளான சுத்தங்களைக் கொஞ்சம் படித்திருக்கிறேன் என்பதால் என்னிடம்தான் கேட்பார்கள், நானும் தெரிந்த மாதிரியே பதில் சொல்வேன். எழுதலாமா என்று கேட்டதற்கு மாமா சொன்னது: "பேரு மட்டும் வேணாம் மாப்ள, மத்தபடி எழுதிக்கோ. நீ சொதப்புனதையும் எழுதணும்."

சரி, ஆளைப் பற்றி. வயது 56. விசைப்படகு வைத்திருக்கும் முதலாளி ஒருவரிடம் 20 வருடத்துக்கும் மேலாகக் கணக்கப்பிள்ளை. டீசல் எவ்வளவு, ஐஸ் எத்தனை பார், எந்தக் கடலாளிக்கு எவ்வளவு முன்பணம், யார் பங்கில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதெல்லாம் நோட்டைப் பார்க்காமலே சொல்வார். தூக்கம் சரியில்லை என்று பல வருடப் புகார். இந்தக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கணக்கப்பிள்ளைக்கு மூச்சு விட நேரம் கிடைப்பது அப்போதுதான். 2023 தடைக்காலத்தில் 10 நாள் விபஸ்ஸனா தியான முகாமுக்கு நான்தான் பிடித்துத் தள்ளினேன். விடிகாலை 4 மணி எழும்பல், முழு மௌனம், முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் பார்ப்பது, நாலாம் நாளிலிருந்து உடம்பு முழுக்க உணர்வுகளைக் கவனிப்பது. திரும்பி வந்தவர் முகாமில் சொன்னபடியே காலை ஒரு மணி, மாலை ஒரு மணி என்று பிடித்துக்கொண்டார். மதம் மாறவில்லை, ராமநாதசாமி கோயிலுக்குப் போவதையும் விடவில்லை. வீட்டில் "புத்தர் எந்திரிச்சாச்சா?" என்று கேலி, அவ்வளவுதான். அத்தை மட்டும் ஒன்று கவனித்திருந்தார்: ராத்திரி 2 மணிக்கு எழுந்து திண்ணையில் உட்காருவது நின்றுபோயிருந்தது.

முதல் வருடம் ஐப்பசி, கார்த்திகையைத் தட்டுத்தடுமாறித் தாண்டினார். இரண்டாவது வருடம் அறுந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குக் குளிர்காலம் என்றால் குளிர் இல்லை. பாம்பனில் ஜனவரி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். கம்பளி போர்த்திக்கொண்டு தியானம் செய்யுங்கள் என்கிற யோசனையெல்லாம் எங்களுக்கு ஆகாது, வேர்த்துவிடும். இங்கே வருவது காற்றும் ஈரமும். வாடை இறங்கிவிட்டால் வடகடல் ஆடத் தொடங்கும், பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறும், கடலுக்குப் போக டோக்கன் கொடுக்க மாட்டார்கள், படகு கயிற்றிலேயே கிடக்கும். படகு போகாத நாளில் கணக்கப்பிள்ளைக்கு ஓய்வுதானே என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, அன்றைக்குத்தான் முன்பணம் கேட்டு வாசலில் ஆள் நிற்கும். புத்தர் காலத்துப் பிக்குகளுக்கு மழைக்கால மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கும் வஸ்ஸா உண்டு, ஆடிப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கி ஐப்பசிப் பக்கம் முடியும். அது கங்கைச் சமவெளியின் மழைக் கணக்கு. அவர்கள் வஸ்ஸாவை முடித்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில்தான் எங்களுக்கு மழையே ஆரம்பிக்கிறது, இதை யாராவது யோசித்துப் பார்த்திருக்கிறார்களா தெரியவில்லை.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. மாமா வீட்டுக்குள் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். அவர் உட்காரும் மூலையில் பாய் மிதந்தது, பீரோவின் அடித்தட்டு நனைந்தது. கணக்கு நோட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த தெரு மச்சு வீட்டுக்குப் போனார். தண்ணீர் வடிந்து, சேறு அள்ளி, சுவர் காய்வதற்குள் நவம்பர் முடிந்துவிட்டது. அதுவரை யாருக்கும் வருவதுதான். அப்புறம் டிசம்பர் 1-ம் தேதிக் கணக்கு.

மூன்றே முக்காலுக்கு அலாரம். முதல் நாள் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் நாள் பாதியில் தலை தொங்கியது. மூன்றாம் நாள் முன்பக்கமாகச் சாய்ந்து நெற்றி தரையில் இடித்தது. நான்காம் நாள் அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்தவர், எழுந்தபோது பாக்கி கூடிவிட்டது என்று எரிச்சலில் அத்தையிடம் சத்தம் போட்டிருக்கிறார். அன்று மாலை எனக்குப் போன்.

நான் கேட்டது ஒரே கேள்வி: "தூக்கமா வருதா?" ஆமாம் என்றார். உடனே முடிவு கட்டிவிட்டேன். மனசை மறைக்கும் ஐந்து தடைகள் என்று பௌத்தத்தில் சொல்வார்கள்: ஆசை, பகை, மடியும் மந்தமும், பரபரப்பும் மனவுறுத்தலும், ஐயம். தூக்கம் வருகிறது என்றால் அது மூன்றாவது, பாலி மொழியில் தீனமித்தம். அதற்கு அங்குத்தர நிகாயம் என்ற சுத்தத் தொகுப்பில் மருந்துப் பட்டியலே இருக்கிறது. மகத நாட்டில் கல்லவாளமுத்தம் என்ற ஊரில் புத்தரின் முதன்மைச் சீடர்களில் ஒருவரான மொக்கல்லானர் உட்கார்ந்தபடியே தூங்கி விழ, புத்தர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். தூக்கத்தைக் கொண்டுவரும் எண்ணத்தைத் தொடாதே, தர்மத்தை நினைத்துப் பார், வாய்விட்டு ஓது, காதைப் பிடித்து இழு, கைகாலைத் தேய், எழுந்து கண்ணைக் கழுவி நாலு திசையும் பார், நட்சத்திரங்களைப் பார், மனசில் வெளிச்சத்தைக் கொண்டுவா, நட. எதுவும் பலிக்கவில்லை என்றால் வலப்பக்கமாகப் படுத்துக்கொள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பின்னால் முழு விடுதலை அடைந்து அரகந்தராகப்போகும் ஒருவரையே காதைப் பிடித்து இழுக்கச் சொன்னார்கள் என்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது அல்லவா? அத்தனையையும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிவிட்டேன்.

மாமா எல்லாவற்றையும் செய்தார். மேகம் மூடிக் கிடந்ததால் நட்சத்திரத்துக்குப் பதில் கலங்கரை விளக்கின் வெளிச்சத்தைப் பார்த்தாராம். பச்சைத் தண்ணீரில் குளித்தார், முற்றத்தில் நடந்தார். ஐந்து நாளில் தூக்கம் நின்றது. கூடவே ராத்திரித் தூக்கமும் நின்றது. அலாரத்துக்கு முன்னாலேயே 2 மணிக்கு விழிப்பு, நெஞ்சு படபடப்பு, உட்கார்ந்தால் பல்லைக் கடிப்பது தெரிகிறது என்றார். அத்தை என்னிடம் நேராகவே சொன்னார்: "தம்பி, முன்னாடி அவரு தூங்காம திண்ணையில உக்காந்திருப்பாரு. இப்ப தூங்காம பாயில உக்காந்திருக்காரு. வித்தியாசம் ஒண்ணும் எனக்குத் தெரியல."

டிசம்பர் 14, கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள் சனிக்கிழமை, அவரைப் பார்க்க பைக்கில் போனேன். ரயில் அப்போது மண்டபத்தோடு நின்ற காலம், புது ரயில் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. எதிரே அவரே சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பாலத்து ஓரமாக நிறுத்தினோம். காற்றில் பேச்சு பாதிதான் கேட்டது.

காலையில் ரேடியோவில் பிரித், அதாவது இலங்கைப் பிக்குகள் ஓதும் காப்பு ஓதல், ஓதினார்கள் என்று ஆரம்பித்தார். எங்கள் கரையில் இலங்கை எஃப்எம் தெளிவாகவே எடுக்கும். அன்று அவர்களுக்கு உந்துவப் பௌர்ணமி, சங்கமித்தை போதி மரக் கிளையோடு இலங்கையில் கரையிறங்கியதைக் கொண்டாடும் நாள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் முழுக்கக் கேட்டாராம், அந்த இருபது நிமிடம்தான் இந்த மாதத்திலேயே நிம்மதியாக இருந்ததாம். ஏன் என்று கேட்டேன். "அது கணக்குல வராதுல்ல" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணை மூடியதும் என்ன நடக்கிறது, தூக்கத்துக்கு முன்னால் என்ன வருகிறது, அதைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். "பாக்கிதான் மாப்ள தெரியுது. இன்னிக்கு ஒண்ணேகால், சாயங்காலம் ஒண்ணேகால், போனா இவ்வளவு கழியும், நேத்து விட்டதைச் சேத்தா இவ்வளவு. ஒரு பத்து நிமிஷம் அது ஓடும். ஓடி ஓடி அலுத்துப்போயி அப்படியே அசந்துருவேன்."

ஆக, தூக்கம் இரண்டாவதாக வருவது, முன்னால் வருவது வேறு. செய்யாமல் விட்டதை நினைத்து மனசு தன்னையே உறுத்திக்கொள்வதற்குப் பாலியில் குக்குச்சம் என்று பெயர், பரபரப்போடு சேர்த்து உத்தச்சகுக்குச்சம், ஐந்தில் நாலாவது. நான் மருந்து கொடுத்தது மூன்றாவதுக்கு.

நின்ற இடமே இதற்கு விளக்கமாக இருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சங்காரவர் என்ற பிராமணருக்குப் புத்தர் ஐந்து தடைகளையும் ஐந்து பாத்திரத் தண்ணீராகச் சொல்லும் சுத்தம் ஒன்று சங்யுத்த நிகாயம் என்ற இன்னொரு தொகுப்பில் இருக்கிறது. சாயம் கலந்த தண்ணீர், கொதிக்கும் தண்ணீர், பாசி மூடிய தண்ணீர், காற்று அலைக்கும் தண்ணீர், இருட்டில் வைத்த சேற்றுத் தண்ணீர். எதிலும் முகம் தெரியாது. மந்தம் என்பது பாசி, மனவுறுத்தல் என்பது காற்று. பாலத்தின் வடக்கே பாக் விரிகுடா அன்று நுரை கக்கிக்கொண்டிருந்தது, தெற்கே மன்னார் வளைகுடா அவ்வளவாக அசையவில்லை. சுற்றுலா வருகிறவர்களுக்கு வடக்கே இருப்பது பெண் கடல், தெற்கே இருப்பது ஆண் கடல் என்று சொல்லி அனுப்புவார்கள், வாடையில் வந்து பார்த்தால் பெண் கடல்தான் ஆடும். இந்தச் சுத்தத்தைச் சொன்னதும் மாமா வடக்கே கையைக் காட்டினார். "இதுல பாசியை அள்ளுன்னு சொல்லிருக்க நீ." என்னால் மறுக்க முடியவில்லை.

அதே தொகுப்பில் இன்னொன்றும் உண்டு. மனசு மந்தமாக இருக்கும்போது ஆராய்ச்சி, முயற்சி, மகிழ்ச்சியை வளர்க்க வேண்டும், அது அணையப்போகும் தீக்குக் காய்ந்த விறகு போடுவது மாதிரி. மனசு பறக்கும்போது அதையே செய்தால் எரிகிற தீக்கு விறகு. அப்போது அமைதி, ஒருமை, சமநிலைதான் வேண்டும். நினைவு, அதாவது விழிப்பான கவனம், மட்டும் இரண்டுக்கும் ஆகும். மாமாவுக்கு நான் அள்ளிப் போட்டது அவ்வளவும் விறகு.

அடுத்து என்ன செய்தோம் என்பது பெரிய விஷயமில்லை, ஆனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நோட்டு முதலில் போக வேண்டும். மாமா மறுத்தார். கணக்கு இல்லாமல் எப்படித் தெரியும் என்பது அவர் வாதம். கணக்கு என் பக்கம் இருக்கட்டும், நான் அத்தையிடம் கேட்டு எழுதிக்கொள்கிறேன், உங்களுக்குக் காட்ட மாட்டேன் என்றேன். கடைசியில் நோட்டு அத்தை கைக்குப் போனது. அடுத்து நேரம். ஒரு மணி, முக்கால் மணி என்று எந்த எண்ணைச் சொன்னாலும் அதை வைத்துப் பெருக்குவார் என்று தெரியும், கடிகாரம் வேண்டாம். டிசம்பர் 16 மார்கழி 1. மார்கழி என்றால் அத்தை ஐந்து மணிக்கு வாசலில் இருப்பார். அவர் கோலம் போட ஆரம்பித்ததும் மாமா நடைக்கு உள்பக்கம் பலகையில் உட்கார வேண்டும், கோலம் முடிந்து அத்தை எழும்பியதும் இவரும் எழும்பலாம். எத்தனை நிமிடம் என்பது புள்ளியைப் பொறுத்தது.

மூச்சை எப்படிப் பார்ப்பது என்பதிலும் ஒரு மாற்றம் செய்தோம். விசுத்திமக்கம் என்ற பழைய பௌத்தத் தியான நூல் மூச்சை எண்ணச் சொல்கிறது, ஐந்துக்குக் குறையாமல், பத்தைத் தாண்டாமல். நல்ல முறை, ஆனால் கணக்கப்பிள்ளைக்கு ஆகாது. எண்ணிக்கை வேண்டாம், மூச்சைக் கவனிப்பது பற்றிய ஆனாபானசதி சுத்தத்தின் 16 படிகளில் முதல் நாலு மட்டும் போதும் என்றேன்: நீள மூச்சு நீளம் என்று தெரிகிறது, குட்டை மூச்சு குட்டை என்று தெரிகிறது, முழு உடம்பும் தெரிகிறது, உடம்பின் அசைவு அடங்குகிறது. நாலாவதில்தான் அவருக்கு வேலை.

டிசம்பர் 18 விடிகாலை நான் அங்கே தங்கியிருந்தேன். சாணித் தண்ணீர் தெளிக்கும் சத்தம், அப்புறம் விளக்குமாறு, அப்புறம் நிசப்தம். கோலமாவு விழுவதற்குச் சத்தமில்லை, ஆனால் அத்தை ஒரு வரிசை முடித்து அடுத்ததுக்கு நகரும்போது வளையல் லேசாகச் சிணுங்கும். எங்கோ பள்ளிவாசலில் பாங்கு, அதற்குப் பின்னால் கோயில் குழாயில் திருப்பாவை, நடுவே காற்று வந்து இரண்டையும் அள்ளிக்கொண்டு போகும். மாமா பலகையில் சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். முதலில் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. பாதிக் கோலத்தில் இடது தோள் இறங்கியது, கொஞ்ச நேரத்தில் வலது. அத்தை பூசணிப்பூவை நடுவில் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினார், மாமா கண்ணைத் திறந்தார். 15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி, என் போனில் 24 நிமிடம். அவரிடம் சொல்லவில்லை.

மழை நாளில் நடையிலேயே நாலு புள்ளி வைத்து அத்தை முடித்துவிடுவார், மாமாவுக்கு அன்று மூன்று நிமிடம்தான். முதல் தடவை அது நடந்தபோது, இன்னும் கொஞ்சம் உட்காரட்டுமா என்று எனக்குப் போன் செய்தார். வேண்டாம் என்றேன். இந்த ஒரு பதிலில்தான் எனக்குப் பயம் இருந்தது, ஏனென்றால் உட்கார விரும்புகிறவனை எழுப்புவது நியாயமா என்று எங்கள் நாலு பேருக்குள்ளேயே சண்டை. ஆனால் "இன்னும் கொஞ்சம்" என்பது அவரிடம் எப்போதும் பாக்கியின் வேறு பெயர், அதனால் என் முடிவில் நின்றேன். மார்கழி 29 நாளில் 26 நாள் உட்கார்ந்தார். 2 மணி விழிப்பு எப்போது நின்றது என்று அவருக்கும் தெரியவில்லை, அத்தைக்கும் சரியாகத் தேதி நினைவில்லை.

தை பிறந்ததும் எதிர்பாராத சிக்கல். பொங்கலன்று தெரு அடைக்கப் பெரிய கோலம், மறுவாரத்திலிருந்து அத்தை ஐந்து நிமிடக் கோலத்துக்குத் திரும்பிவிட்டார். யாருக்கும் இதைப் பற்றி யோசனை வரவில்லை, மார்கழி முடியும் என்பதே மறந்துவிட்டது மாதிரி. மாமா சில நாள் ஐந்து நிமிடத்தில் எழும்பினார். பிறகு கோலம் முடிந்தும் எழும்பாமல், அத்தை உள்ளே போய் கடுங்காப்பி போட்டுக் கொண்டுவந்து டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம்வரை இருக்க ஆரம்பித்தார். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். மாலை உட்காரல் இன்றுவரை திரும்பவில்லை. முகாமில் சொன்ன இரண்டு மணி நேரத்தை வைத்துப் பார்த்தால் இது கால்வாசிகூட இல்லை, எங்களில் ஒருவர் இதை தியானம் என்றே ஒத்துக்கொள்வதில்லை, அத்தையின் கோலத்துக்குத் துணை என்கிறார். இன்னொரு பெரிய சந்தேகம் எனக்கே உண்டு: தையில் காற்று தணிந்தது, படகு ஒழுங்காகப் போனது, வாசலில் முன்பணம் கேட்கும் கூட்டம் குறைந்தது. மனசு அடங்கியது நோட்டைப் பிடுங்கியதாலா, வாடை ஓய்ந்ததாலா? ஓர் ஆளை வைத்து, ஒரு பருவத்தில், இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால் அடுத்த வாடைக்காகக் காத்திருந்தேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிவிட்டு இந்தப் பக்கம் நெருங்கிய நாட்களில் படகெல்லாம் கட்டிக் கிடந்தது, கோலமும் இல்லை, உட்காரலும் இல்லை. ஐந்து நாள். ஆறாம் நாள் விடிகாலை வாசல் ஈரத்தில் அத்தை சின்னதாக ஒன்று போட, மாமா பலகையை எடுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எத்தனை நாள் விட்டீர்கள் மாமா என்று அந்த ஞாயிற்றுக்கிழமை சும்மா கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்தார். "நாலா, அஞ்சா? உங்க அத்தையக் கேளு."

இதை எழுதுவதற்காக அந்தப் பழைய நோட்டு வேண்டும், டிசம்பர் 1-ம் தேதிப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று அத்தையிடம் கேட்டேன். தர மாட்டேன் என்றுவிட்டார். பின்பக்கமிருந்து பால் கணக்கு எழுதிக்கொண்டு வருகிறாராம், முன்பக்கத்தில் காலியான இடத்திலெல்லாம் கோலப் புள்ளி வைத்துப் பார்த்திருக்கிறாராம், பால்காரர் இந்த மாதக் கணக்கை இன்னும் முடிக்கவில்லை, முடித்ததும் தருகிறேன் என்றார்.